நாளைய பங்கும் இன்றைய கூலியும்

சென்ற மாதம் ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முகப்பில் நின்றிருந்தபோது, குடும்பத் தலைவர் ஒருவர் மடித்த கடிதம் ஒன்றை என் கையில் கொடுத்தார். பொறியியல் பட்டம் பெற்ற அவருடைய மகனுக்குச் சென்னையில் புதிதாய்த் தொடங்கிய நிறுவனம் ஒன்று அனுப்பிய பணிக் கடிதம் அது. இத்தகைய நிறுவனங்களை இளைஞர்கள் ஸ்டார்ட்டப் என்கின்றனர். "ஆண்டுக்கு 4,80,000 ரூபாய், சாமி! மாதம் நாற்பதாயிரம்!" என்றார். அவர் மகிழ்ச்சியைக் கெடுக்க எனக்கு மனமில்லை. ஆயினும் கடிதத்தை இறுதிவரை வாசித்தோம்.

அத்தொகையில் 80,000 ரூபாய் நிறுவனப் பங்குரிமையின் மதிப்பு. 60,000 ரூபாய், நிறுவனம் விரும்பினால் ஆண்டிறுதியில் தரும் ஊக்கத்தொகை. வருங்கால வைப்பு நிதிக்கு முதலாளி செலுத்தும் 21,600 ரூபாயும் அதனுள்ளேயே அடக்கம். மகன் தன் பங்காகச் செலுத்தும் அதே அளவு தொகையையும் கழித்தால், மாதந்தோறும் கைக்கு வருவது 25,000 ரூபாய்க்கும் குறைவு. இதில் அறை வாடகை, உணவு, கல்விக் கடன் எல்லாம் அடங்க வேண்டும்.

அன்பர்களே, பங்குரிமை என்பதைச் சற்று விளக்க வேண்டும். அது பங்கு அன்று. குறித்த விலைக்குப் பின்னாளில் பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமை மட்டுமே. 2014ஆம் ஆண்டு விதிகளின்படி ஓராண்டேனும் கழியாமல் அவ்வுரிமை கைகூடாது. பெரும்பாலும் நான்கு ஆண்டுகளுக்கு அதனைப் பிரித்து வைப்பர். முதலாண்டு முடியுமுன் விலகினால் ஒன்றுமில்லை. வாங்கும்போது, விலைக்கும் மதிப்புக்கும் உள்ள வேறுபாடு ஊதியமாகக் கொள்ளப்பட்டு வரி விதிக்கப்படும். பங்குச் சந்தைக்கு வராத நிறுவனமாயின், விற்க நினைத்தாலும் வாங்குவார் அரிது.

2010இல் சென்னையில் தோன்றிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் நிறுவனம் 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தையில் இடம்பெற்றபோது, ஊழியர் ஐந்நூறு பேருக்கு மேல் கோடீசுவரராயினர் என்ற செய்தி வந்தது. மகிழத்தக்கதே. ஆனால் அந்தச் செய்தியைக் காட்டியே இன்றைய கூலியைக் குறைப்போர் உளர் என்பதுதான் என் வருத்தம். கடை வாடகையை நாளைய இலாபத்தில் தருகிறேன் என்றால் எந்த வீட்டுக்காரர் ஏற்பார்? இருபத்திரண்டு வயதுப் பிள்ளையிடம் மட்டும் அதனைக் கேட்கிறோம்.

"அவனே கையெழுத்திட்டான்" என்பர். வேறு வழியின்றி ஒருவன் இசைந்த கூலி, அவன் இசைந்தான் என்பதற்காகவே நீதியான கூலி ஆகிவிடாது எனத் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891லேயே எழுதினார். ஆலைத் தொழிலாளரை மனத்திற்கொண்டு அவர் சொன்னது கணினி முன் அமர்ந்திருப்பவனுக்கும் பொருந்தும்.

புதிய நிறுவனம் நடத்துவோரின் இடர்ப்பாட்டையும் நான் அறிவேன். முதலீடு சிறிது, தாமே ஊதியமின்றி உழைப்போரும் உண்டு. "எங்களால் இவ்வளவுதான் இயலும்" என்று வெளிப்படையாகக் கூறி, குறைந்த தொகையையேனும் நாள் தவறாமல் தருபவரை நான் குறை கூறேன். தராத பணத்தைத் தருவதாகக் கூட்டிக் காட்டுவதே குற்றம்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பின்படி, மாத ஊதியம் அடுத்த மாதம் ஏழாம் நாளுக்குள் தரப்பட வேண்டும். பணியிலிருந்து விலகினால், இரண்டு வேலை நாள்களுக்குள் கணக்கு தீர்க்கப்பட வேண்டும். புதிய நிறுவனம் என்பதால் இதில் விலக்கில்லை.

அந்த மகன் மூன்று கேள்விகளை எழுதி அனுப்பினான்: கைக்கு வரும் தொகை எவ்வளவு, ஊக்கத்தொகை எதனைப் பொறுத்தது, பங்குரிமையின் விலை என்ன? முதலிரண்டுக்கும் விடை வந்துவிட்டது. மூன்றாவதற்காகக் காத்திருக்கிறான், கடிதத்தில் இன்னும் கையெழுத்திடவில்லை.