புதிய கிறித்தவர்

ஞானஸ்நானம் பெற்றோர் அனைவரும் ஒரே திருச்சபையின் மக்கள் என்பது கிறித்தவ சமயத்தின் போதனை. ஆயினும் போர்த்துக்கல் நாட்டிலே ஒரு கூட்டத்தார், ஞானஸ்நானம் பெற்றுத் தலைமுறைகள் பல கடந்த பின்னரும் 'புதிய கிறித்தவர்' என்றே அழைக்கப்பட்டனர். அவர்கள் யாவர்?

1492 ஆம் ஆண்டில் ஸ்பெயின் தேசத்திலிருந்து யூதர் துரத்தப்பட்டனர். அவர்களுட் பெருந்தொகையினர் அயல்நாடாகிய போர்த்துக்கலிற் புகலிடம் தேடினர். போர்த்துக்கல் மன்னன் மனுவேல் ஸ்பானிய இளவரசியை மணக்க விரும்பினான். யூதரை அகற்றினாலன்றித் திருமணம் இல்லை என்றனர் பெண் வீட்டார். எனவே, யூதர் வெளியேற வேண்டுமென 1496 டிசம்பரில் ஆணை பிறந்தது. ஆனால், வாணிகமும் மருத்துவமும் கைத்தொழிலும் வல்ல குடிகளை இழக்க மன்னனுக்கு மனம் வரவில்லை. மறு ஆண்டிலே, பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பறிக்கப்பட்டு ஞானஸ்நானம் பெற்றனர். பிள்ளைகளைப் பிரிய மாட்டாத பெற்றோர் பலர் தாமும் இணங்கினர். இணங்காதோர் பலரும் வலிந்து மாற்றப்பட்டனர். இருபது ஆண்டுகளுக்கு எவருடைய நம்பிக்கையையும் விசாரிப்பதில்லை என மன்னன் வாக்களித்தான்.

பெயர் மாறியது, ஐயம் மாறவில்லை. 1506 ஏப்ரலில் லிஸ்பன் நகரத்துக் கலகத்திற் புதிய கிறித்தவர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1536 இல் சமய விசாரணை மன்றம் ஏற்பட்டது. சனிக்கிழமையில் தூய ஆடை உடுத்தலும், பன்றியிறைச்சியை ஒதுக்கலும் குற்றத்துக்குச் சான்றுகளாயின. குற்றஞ்சாட்டியவர் யாரென்பது குற்றஞ்சாட்டப்பட்டவருக்குக் கூறப்படவில்லை. மறைவில் யூத நெறி காத்தோரும் இருந்தனர். மனமார்ந்த கிறித்தவராக வாழ்ந்தோரும் இருந்தனர். ஐயம் இருசாராரையும் ஒருங்கே சூழ்ந்தது.

கடல் கடந்தும் அது தொடர்ந்தது. 1534 இல் கோவாவுக்கு வந்த மருத்துவர் கார்சியா த ஓர்த்தா இவ்வினத்தவரே. இலங்கைக் கறுவாவையும் ஆராயும் அவருடைய மூலிகை நூல் 1563 இல் கோவாவில் அச்சேறியது. 1568 இல் அவர் காலமானார். மறு ஆண்டிலே அவருடைய சகோதரி கத்தரீனா தீயிலிடப்பட்டாள். 1580 இல் அவருடைய எலும்புகளும் தோண்டியெடுத்து எரிக்கப்பட்டன.

பழையவர், புதியவர் என்ற வேறுபாட்டைப் போர்த்துக்கல் சட்டம் 1773 இலேதான் நீக்கியது. கட்டாயத்தினால் மதம் மாற்றிய அரசு, அம்மாற்றத்தைத் தானே நம்பவில்லை. அவநம்பிக்கையின் விலையை மாற்றப்பட்டோரின் சந்ததியார் இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாகச் செலுத்தினர்.