ஆயிரம் யார் தூரமும் அருகிருக்கும் தோழியும்

இங்கிலாந்தின் சரே மாவட்டத்திலுள்ள ஃபிரிம்லி என்ற ஊரில், மார்ஜரி ஃபொஸ்ரர் என்ற பெண்ணும் அவருடைய தோழி பிளான்ச் பட்கொக் என்பவரும் சேர்ந்து ஒரு கோழிப்பண்ணை நடத்திவந்தார்கள். கோழி வளர்ப்பு என்றதும் எமது வாசகிகளுக்கு வாழ்வாதாரத் திட்டங்களும் கடன் படிவங்களும் நினைவுக்கு வரலாம். இந்த இருவருக்கும் பண்ணை வேலைக்கு அப்பால் இன்னோர் ஈடுபாடும் இருந்தது. அது நீண்ட தூர இலக்கை நோக்கிச் சுடும் றைபிள் விளையாட்டு.

1930ஆம் ஆண்டு யூலை மாதம் பிஸ்லி என்னும் இடத்தில் நடந்த 'மன்னர் பரிசு'ப் போட்டியில் மார்ஜரி ஃபொஸ்ரர் கலந்துகொண்டார். 1860இல் விக்ரோறியா மகாராணி தொடக்கிவைத்த பரிசு இது. எழுபது ஆண்டுகளாக அதனை ஆண்கள் மட்டுமே வென்று வந்தார்கள், அவர்களிலும் பெரும்பாலோர் படையினர். இறுதிச் சுற்று 900 யார், 1000 யார் தூரங்களில் நடைபெறும். கடைசி வெடி நடுவட்டத்தில் பட்டால்தான் ஃபொஸ்ரருக்கு வெற்றி என்ற நிலை வந்தது. பட்டது. லெப்ரினன்ட் எக்கிள்ஸ் என்ற படை அதிகாரியை ஒரேயொரு புள்ளியால் முந்தி, அந்தப் பரிசை வென்ற முதற் பெண் ஆனார். வென்றவரை நாற்காலியில் இருத்தித் தூக்கிச் செல்வது அங்குள்ள வழக்கம். கோழிப்பண்ணைக்காரியையும் அப்படியே தூக்கிச் சென்றார்கள்.

ஆயிரம் யார் என்பது 914 மீற்றர். நடந்தால் பத்து நிமிடத்துக்கு மேல் எடுக்கும். அவ்வளவு தூரத்தில் இன்றைய இலக்கின் நடுவட்டம் இரண்டடி அகலமே. வெறுங் கண்ணுக்கு அது ஒரு புள்ளிபோலத்தான் தெரியும். றைபிளில் தொலைநோக்கி பூட்ட அனுமதி இல்லை. சிறு துளை வழியாகப் பார்த்து, குப்புறப் படுத்தபடி, தோல்வாரைக் கையில் இறுக்கிக்கொண்டு சுட வேண்டும். சன்னம் இலக்கை அடைய ஏறக்குறைய ஒன்றரை விநாடி ஆகும். அந்த ஒன்றரை விநாடியில்தான் காற்று தன் வேலையைக் காட்டுகிறது. மணிக்கு பத்து மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று சன்னத்தை ஓர் ஆள் உயரத்துக்கும் மேலாகப் பக்கவாட்டில் தள்ளிவிடும். ஆகவே இந்த விளையாட்டில் பாதிக்கு மேல் காற்றைப் படிக்கும் வித்தைதான். வழிநெடுகக் கட்டிய கொடிகள் எப்படி ஆடுகின்றன, தரைக்கு மேலே கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துப் பார்த்துக் குறியை மாற்ற வேண்டும். சோளகம், கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றுக்குப் பெயர் வைத்து, அதைப் பார்த்து நெல்லுத் தூற்றிய பெண்களின் பேத்திகளுக்கு இதை விளங்கப்படுத்துவது கடினமில்லை.

உடல் பலத்துக்கு இங்கே பெரிய வேலை இல்லை. மூச்சை அடக்கவும் அசையாமல் கிடக்கவும் பொறுக்கவும் தெரிந்தால் போதும். அதனால்தான் பிஸ்லியில் பெண்களுக்கென்று தனிப் பிரிவு வைக்காமல் எல்லோரையும் ஒரே வரிசையில் சுட விடுகிறார்கள்.

என்னை அதிகம் கவர்ந்தது இன்னொரு வழக்கம். ஓர் இலக்குக்கு இருவர் அருகருகே படுத்து மாறி மாறிச் சுடுவார்கள். உங்கள் புள்ளியை நீங்கள் எழுத முடியாது. பக்கத்தில் இருப்பவர்தான் எழுதுவார், அவருடைய புள்ளியை நீங்கள் எழுதுவீர்கள். அவர் உங்களுடைய போட்டியாளர், உங்களுடைய கணக்கும் அவர் கையில்தான். உறவுக்குள்ளேயே சீட்டுக் காசுக் கணக்கில் பிணக்குப்படும் எமக்கு இது சற்று வியப்பாகத்தான் இருக்கும்.

1976இல் மொன்றியல் ஒலிம்பிக்கிலும் ஆண்களும் பெண்களும் சேர்ந்தே சுட்டார்கள். அமெரிக்காவின் மார்கரெட் மேர்டொக்கும் அவருடைய அணித் தோழர் லானி பஷாமும் சம புள்ளி பெற்றனர். விதிப்படி தங்கம் பஷாமுக்கும் வெள்ளி மேர்டொக்குக்கும் போயின. தேசிய கீதம் ஒலித்தபோது பஷாம் அவரைக் கைபிடித்துத் தன் மேடைக்கே ஏற்றிக்கொண்டார்.

பிஸ்லிப் பரிசை அடுத்த பெண் வெல்வதற்கு எழுபது ஆண்டுகள் ஆயின. 2000ஆம் ஆண்டு யூலையில் ஜொஆனா ஹொசாக் வென்றார். அதே யூலையில் சாவகச்சேரியில் சனமில்லை. மே மாதம் நகரம் புலிகளிடம் வீழ்ந்து, செப்ரெம்பரில் படையினர் திரும்பக் கைப்பற்றும்வரை தென்மராட்சி முழுவதும் இடம்பெயர்ந்து கிடந்தது. திரும்பி வந்தவர்கள் கண்டது இடிந்த சந்தையையும் கூரையில்லாத வீடுகளையும் தலையில்லாத தென்னைகளையும்தான்.

எனவே, இந்தக் கட்டுரைக்காகச் சேர்த்த விடயங்களை மாதர் சங்கக் கூட்டமொன்றில் சொன்னபோது, ஓர் அம்மா, "பிள்ளை, துவக்கைப் பற்றி எழுத எங்கட ஊர்தானோ கிடைச்சது?" என்று கேட்டதில் நியாயம் உண்டு. சன்னம் பட்ட சுவருக்கு இன்னமும் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருப்பவர்களிடம் இது விளையாட்டு என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது. நான் மறுமொழி சொல்லவில்லை. காற்றைப் பற்றிய பகுதிக்கு வந்தபோது பின்வரிசையில் இருந்த ஒருத்தி, "கொடியை விடக் கானலைத்தான் நம்ப வேணும்" என்று மெதுவாகச் சொன்னாள். எங்கே படித்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் கலியாணம் பேசும்போதும் மறைக்க வேண்டிய அறிவாக அது அவளுக்குள் கிடக்கிறது. சமூகவியலில் இதனைக் களங்கப்படுத்தல் என்று படித்தேன். ஊரில் அதற்குப் பெயர் கிடையாது, கதைக்காமல் விடுவதுதான் வழக்கம்.

துவக்கு வேண்டாம் என்ற அம்மாவின் பக்கமும் நான் நிற்பேன், இவளுடைய கண்ணும் கையும் குற்றமல்ல என்றும் சொல்வேன். இரண்டையும் ஒன்றாகச் சொல்ல முடியாது என்று நான் நினைக்கவில்லை. வீட்டில் துவக்கு வைத்திருப்பது வேறு. அனுமதி பெற்ற கூடத்தில், பயிற்றுநர் முன்னிலையில், கட்டளை கிடைத்த பின் மட்டும் சுடுவது வேறு. 10 மீற்றர் காற்றழுத்த றைபிளில் வெடிமருந்தே இல்லை. நாலரை மில்லிமீற்றர் ஈயச் சன்னம், அரை மில்லிமீற்றர் நடுப்புள்ளி, அவ்வளவுதான்.

இலங்கைக்கு இதில் பெருமையும் உண்டு. 1994இல் கனடாவின் விக்ரோறியா நகரில் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவில் மாலினி விக்கிரமசிங்கவும் புஷ்பமாலி றாமநாயக்கவும் காற்றழுத்த றைபிள் இணைப் போட்டியில் தங்கம் வென்றார்கள். அந்த விழாவில் இலங்கைக்குக் கிடைத்த ஒரே தங்கம் அது, இரு பெண்கள் சேர்ந்து பெற்றது. 2021இல் நடந்த ரோக்கியோ ஒலிம்பிக்கில் தெஹானி எகொடவெல பங்குபற்றினார். கடலூரில் பிறந்த தமிழ்ப் பெண் இளவேனில் வாலறிவன் 2019இல் றியோ உலகக் கிண்ணப் போட்டியில் தங்கம் வென்றார்.

வயது போய்விட்டதே என்பவர்களுக்கு உத்தரப் பிரதேசத்தின் ஜோஹ்ரி கிராமத்துக் கதை இருக்கிறது. சந்திரோ தோமர் 1999இல் தன் பேத்தியைச் சுடுதல் பழகக் கூட்டிக்கொண்டு போனார். பேத்தி தயங்கவே, தானே துவக்கை எடுத்துச் சுட்டுப் பார்த்தார். குறி தப்பவில்லை. அப்போது அவருக்கு அறுபத்தைந்துக்கு மேல். அவருடைய மைத்துனரை மணந்திருந்த பிரகாஷி தோமரும் பின்னர் சேர்ந்துகொண்டார். வீட்டு ஆண்களுக்குத் தெரியாமல், கை நடுங்காதிருக்கத் தண்ணீர்ச் செம்பை நீட்டிப் பிடித்துப் பழகி, முக்காடு போட்டுக்கொண்டே போட்டிகளுக்குப் போனார்கள். 2021 ஏப்ரலில் கொரோனாத் தொற்றினால் சந்திரோ காலமானார். பிரகாஷியின் மகள் சீமா தோமர் 2010இல் உலகக் கிண்ணச் சுடுதலில் வெள்ளி வென்றவர். ஜோஹ்ரியில் இவர்களைப் பார்த்துப் பல பெண்பிள்ளைகள் சுடப் பழகினார்கள், அந்தப் பயிற்சியைக் காட்டிச் சிலர் அரசாங்க உத்தியோகமும் பெற்றார்கள்.