களைப்பு உண்மையில் போய்விடுகிறதா?

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட். விடியற்காலை மூன்று மணி, கண் சொருகுகிறது. ஜார்ஜ் டவுனிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர் ஓர் எனர்ஜி டிரிங்க் டின்னைத் திறக்கிறார். சற்று நேரத்தில் தூக்கம் கலைகிறது. எப்படி?

விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது தனக்குரிய ஏற்பிகளில் அமரும்போது தூக்கம் வரும். எனர்ஜி டிரிங்கில் உள்ள கஃபீன் அந்த இடங்களை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. களைப்பு தீர்வதில்லை, தெரியாமல் போகிறது, அவ்வளவுதான்.

உடலில் கஃபீனின் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். மூன்று மணிக்குக் குடித்ததில் பாதி, காலை எட்டு மணிக்கு அவர் படுக்கும்போதும் உள்ளே இருக்கும். தூக்கம் கெடும். மறுநாள் இன்னொரு டின் தேவைப்படும்.

இதயத்துக்கு? 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஆரோக்கியமான 34 பேர் சுமார் 950 மில்லி எனர்ஜி டிரிங்க் குடித்தனர். நான்கு மணி நேரம் கழித்தும் அவர்களின் இசிஜியில் மாற்றம் தெரிந்தது. ரத்த அழுத்தமும் கூடியது.

சர்க்கரை தனிக்கதை. 250 மில்லி டின் ஒன்றில் சுமார் 27 கிராம் இருக்கக்கூடும். நாளுக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவதே நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 100 மில்லியில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரையுள்ள பானங்களுக்கு மலேசியா 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 சென் வரி விதித்தது.

சிறுவர்கள், கர்ப்பிணிகள், இதய நோயாளிகள் எனர்ஜி டிரிங்கை அறவே தவிர்க்க வேண்டும். மதுவோடு யாரும் கலக்கக் கூடாது. குடித்தபின் நெஞ்சு படபடத்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.