பண்டைய ரோமில் பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள்?

பிள்ளைகளின் படிப்பில் அரசுக்கும் பொறுப்பு உண்டு என்று இன்று நாம் நினைக்கிறோம். பண்டைய ரோமில் பெரும்பாலும் அப்படி ஓர் எண்ணம் இல்லை. ஒரு பிள்ளை படிப்பதும் படிக்காததும் அந்தக் குடும்பத்தின் வசதியைப் பொறுத்தே அமைந்தது.

பிறப்பும் பெயரும்

பிறந்த குழந்தையை வளர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் அதிகாரம் குடும்பத் தலைவரான தந்தையிடம் இருந்தது. வேண்டாம் என்று கைவிடப்பட்ட குழந்தைகளை எடுத்துச் சென்றவர்கள் பலர், அவர்களை அடிமைகளாக வளர்த்தார்கள். சிசுவைக் கொல்வது மரண தண்டனைக்குரிய குற்றம் என்று சட்டம் வந்தது கி.பி. 374-இல்தான். வளர்க்க முடிவு செய்த குழந்தைக்கு, பெண்ணானால் எட்டாம் நாளும் ஆணானால் ஒன்பதாம் நாளும் பெயர் வைத்தார்கள்.

பள்ளிக்கூடம்

ஏழு வயதளவில் படிப்பு தொடங்கும். பள்ளிக்கென்று தனிக் கட்டடம் கிடையாது; வாடகைக்கு எடுத்த ஓர் அறையோ, கடைத்தெருவை ஒட்டிய ஒரு தாழ்வாரமோ போதும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளையை ஓர் அடிமை அழைத்துச் சென்று அழைத்து வருவார். பொழுது விடியுமுன்பே பாடம் தொடங்கிவிடும். மெழுகு பூசிய பலகையில் எழுத்தாணியால் எழுதினார்கள். கூழாங்கற்களை வைத்துக் கணக்குப் போட்டார்கள். பெண் பிள்ளைகளில் சிலரும் படித்தார்கள். ஆனால், பெண்ணுக்குத் திருமண வயது 12 என்று சட்டம் இருந்ததால், பலருடைய படிப்பு அதற்குமேல் நீளவில்லை.

ஆசிரியரின் நிலையும் பரிதாபம்தான். கி.பி. 301-இல் பேரரசர் டயோக்ளீஷியன் வெளியிட்ட விலைப்பட்டியலின்படி, தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு ஒரு மாணவனுக்கு மாதம் 50 தினாரியஸ். ஒரு தச்சருக்கு ஒரே நாள் கூலி 50 தினாரியஸ், உணவும் தனி! (அரபு மொழியின் 'தீனார்' இந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான்.)

பிரம்பும் ஒரு மாற்றுக் குரலும்

அடி இல்லாத பள்ளியை அன்று யாரும் கற்பனை செய்யவில்லை. கவிஞர் ஹோரஸ் தன் ஆசிரியர் ஓர்பிலியஸை அடிக்கிறவர் என்றே குறிப்பிட்டு எழுதிவைத்தார்.

இதை எதிர்த்துப் பேசியவர் குவின்டிலியன். இன்றைய ஸ்பெயினில் பிறந்து, ரோமில் அரசுக் கருவூலத்திலிருந்து சம்பளம் பெற்ற பேச்சுக்கலை ஆசிரியர் இவர். கி.பி. 95 அளவில் 12 பாகங்களில் எழுதிய நூலில் அவர் காரணங்களை அடுக்குகிறார். அடிப்பது பிள்ளையை அவமதிப்பது. கண்டித்தும் திருந்தாதவன் அடிக்கும் பழகிப்போவான். கூடவே இருந்து ஒழுங்காகக் கவனித்தால் அடிக்க வேண்டிய தேவையே வராது. இன்று அடித்து வழிக்குக் கொண்டுவரப்பட்டவன், அடிக்க முடியாத அளவு வளர்ந்த பிறகு என்ன செய்வீர்கள்?

தந்தத்தில் செய்த எழுத்துக்களை விளையாடக் கொடுங்கள், பாராட்டுங்கள், ஓய்வு கொடுங்கள், ஆசிரியர் பெற்றோரின் இடத்தில் இருக்கட்டும் என்றார் அவர். இப்படிச் சொன்னவர் தன் இரு மகன்களையும் சிறு வயதிலேயே பறிகொடுத்த தந்தை. ஆயினும் அவருக்கும் ஓர் எல்லை இருந்தது: அடி அடிமைகளுக்கே உரியது என்றுதான் அவர் எழுதினார். அடிமைகளின் பிள்ளைகளுக்காக அவர் பேசவில்லை.

பலன் என்ன?

சுமார் 250 ஆண்டுகளுக்குப் பின், கி.பி. 354-இல் வட ஆப்பிரிக்காவில் பிறந்த அகஸ்டின், பள்ளியில் அடி விழக்கூடாது என்று சிறுவனாகத் தான் பிரார்த்தித்ததையும், பெரியவர்கள் அதைக் கண்டு சிரித்ததையும் எழுதியிருக்கிறார். நல்ல ஆலோசனை புத்தகத்தில் இருந்தது. பிரம்பு பள்ளியிலேயே இருந்தது.

அந்தச் சிறுவனின் பயம் அன்று பெரியவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. நம் வீட்டுப் பிள்ளை "பள்ளிக்குப் போகப் பயமாக இருக்கிறது" என்று சொன்னால், சிரிக்காமல் உட்கார்ந்து கேட்போம்.