கைத்தொலைபேசி விளையாட்டு: பிள்ளைகளைக் கேட்டுச் செய்தவர்கள்

பள்ளி விட்டு வந்ததும் பையைத் திண்ணையில் போட்டுவிட்டுக் கோலியைத் தேடி ஓடிய பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். இன்றைய பிள்ளை தேடுவது அம்மாவின் கைத்தொலைபேசியை. நிபோங் திபால் பக்கத்துச் செம்பனைத் தோட்டமானாலும் சரி, பட்டர்வொர்த் அடுக்குமாடி வீடானாலும் சரி, ஜார்ஜ்டவுன் கடைவீட்டு மாடியானாலும் சரி, கதை ஒன்றுதான். "போதும், வைத்துவிடு" என்று நாம் அதட்டுகிறோம். பிள்ளை இன்னொரு மூலைக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்த விளையாட்டைச் செய்தவர் யார், யாரைக் கேட்டுக்கொண்டு செய்தார் என்று மட்டும் நாம் விசாரிப்பதே இல்லை.

தையற்காரர் துணியை வெட்டுவதற்கு முன் அளவு எடுக்கிறார் அல்லவா? விளையாட்டுக்கும் அப்படி அளவு எடுப்பது உண்டு. ஆடப்போகிறவருக்கு என்ன வயது, வீட்டில் என்ன மொழி, தொலைபேசி யாருடையது, ஒரு நாளில் எத்தனை நிமிடம் அது கைக்கு வரும் என்றெல்லாம் கேட்டறிந்து, அதற்கேற்றபடி விளையாட்டை அமைப்பார்கள். இதைக் கருத்தாய்வு என்கிறார்கள். ஆளைப் பார்க்காமலே தைத்த சட்டை எப்படி இருக்குமோ, கேட்காமல் செய்த விளையாட்டும் அப்படித்தான் இருக்கும்.

கேட்டுச் செய்தவர்களும் இருக்கிறார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மேத்யூ காம் என்ற ஆராய்ச்சி மாணவரும் அவருடைய பேராசிரியர் ஜான் கேனியும் வேறு சிலரும் சேர்ந்து, 2000-ஆம் ஆண்டுகளின் நடுவில் 'மில்லி' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். இந்தியக் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கைத்தொலைபேசி விளையாட்டின் வழியாக ஆங்கிலம் கற்பிப்பது நோக்கம். தொலைபேசியை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? அந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தினமும் பள்ளிக்குப் போக முடிவதில்லை. வயலிலும் வீட்டிலும் வேலை இருக்கிறது. அம்மாவுக்கு உதவியாகப் பால் எடுக்கப் போய்விட்டு, பிறகு அரைத் தூக்கத்தில் பள்ளிக்கு ஓடிய அந்தக் காலத்துத் தோட்டத்துப் பிள்ளைகளைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வடக்கிலும் தெற்கிலுமாக மூன்று சமூகங்களில் சோதித்துப் பார்த்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. விளையாட்டு என்றால் என்ன என்பது பற்றிக் கிராமத்துப் பிள்ளைகள் மனத்தில் இருந்த கருத்து ஒன்று. கைத்தொலைபேசியில் இருந்த விளையாட்டு வேறொன்று. இரண்டும் பொருந்தவில்லை. நாமாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "தோட்டத்துப் பிள்ளைகள், இதெல்லாம் மண்டையில் ஏறாது" என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம். எத்தனை முறை அதைக் காதால் கேட்டிருக்கிறோம்! இவர்கள் அப்படிச் சொல்லவில்லை. பிள்ளைகளிடமே போய் உட்கார்ந்து, "நீங்கள் இங்கே என்னென்ன விளையாடுகிறீர்கள், எப்படி விளையாடுகிறீர்கள்?" என்று கேட்டார்கள். அப்படிக் கேட்டதில் 28 கிராமத்து விளையாட்டுகளின் விவரம் சேர்ந்தது. ஒவ்வொன்றின் அமைப்பையும் பிரித்து, கணினி விளையாட்டுகளின் அமைப்போடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முதலில் செய்தது ஏன் பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. அதைக் கொண்டு புதிதாக ஒரு விளையாட்டு செய்தார்கள். அது பிள்ளைகளுக்கு எளிதில் புரிந்தது, பிடித்தும் போனது. இந்த ஆய்வு வெளிவந்த ஆண்டு 2009.

இதைப் படிக்கும்போது நம் லயத்து வாசல் நினைவுக்கு வரவில்லையா? கண்ணாமூச்சியில் மதிப்பெண் கிடையாது. அகப்பட்டவன் அடுத்துத் தேடுகிறவன் ஆகிறான், அவ்வளவுதான். சடுகுடுவில் 'செத்தவன்' சற்று நேரத்தில் உயிர் பெற்று எழுந்து வந்துவிடுவான். ஆள் குறைந்தால் சின்னப் பையனை 'உப்புக்குச் சப்பாணி'யாகச் சேர்த்துக்கொள்வோம். அவன் தோற்றாலும் கணக்கில் இல்லை. ஐந்து வயதுப் பிள்ளையையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையையும் ஒரே ஆட்டத்தில் மனம் கோணாமல் வைத்திருக்கும் இந்த ஏற்பாட்டை எந்தப் பொறியாளரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. கைத்தொலைபேசி விளையாட்டில் இது ஏன் அதிகம் இல்லை என்று கேட்டால், செய்கிறவர்கள் அந்த வாசலில் நின்றதில்லை என்பதே என் பதில்.

ஆனால் கேட்பதிலும் ஒரு வம்பு இருக்கிறது. விருந்தாளி சமைத்துக் கொண்டுவந்ததை "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால், நம்மில் எத்தனை பேர் "இல்லை" என்போம்? வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கோலா டெல் என்பவரும் அவருடைய சகாக்களும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில் இதையே சோதித்திருக்கிறார்கள். பெங்களூரில் ஆட்டோ ஓட்டுநர்களும் பல்கலைக்கழக மாணவர்களுமாக 450 பேரைப் பேட்டி கண்டார்கள். ஒரே மாதிரியான இரண்டு பொருள்களைக் காட்டி, ஒன்றைப் பேட்டி காண்பவரே செய்தது என்று நம்பும்படி செய்தார்கள். மக்கள் அதையே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு மற்றதைவிட 2.5 மடங்கு அதிகமாக இருந்தது. மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டு ஒரு வெளிநாட்டார் போய்க் கேட்டபோது 5 மடங்காகிவிட்டது! பிறகு அவருடையதை வேண்டுமென்றே மட்டமாக்கிக் காட்டினார்கள். அப்போதும் "உங்களுடையதுதான் நல்லது" என்றே பதில் வந்தது.

துரை வந்து "லயத்தில் குறை ஏதாவது உண்டா?" என்று கேட்டபோது நம் பெரியவர்கள் சொன்ன பதிலும் இதே ரகம்தான். அது பொய் சொல்லும் குணம் இல்லை. கேட்கிறவன் உயரத்தில் நின்றால் உண்மை தொண்டையோடு நின்றுவிடுகிறது.

ஆகவே கெட்டிக்காரர்கள் வாய்ச்சொல்லை மட்டும் நம்புவதில்லை, பக்கத்தில் இருந்து பார்க்கவும் செய்கிறார்கள். மில்லி திட்டத்தார் பிள்ளைகளின் அன்றாட வாழ்க்கையைக் கூடவே இருந்து கவனித்து, படிக்க எந்த நேரம், எந்த இடம் ஒத்துவரும் என்று முதலில் கண்டுகொண்டார்கள். பிறகு 26 வாரம் தொலைபேசிகளைப் பிள்ளைகளிடமே விட்டுவைத்தார்கள். மிரட்ட ஆசிரியர் கிடையாது. தாமாகவே எடுத்துப் படிக்கிறார்களா என்பதுதான் கேள்வி. ஓரளவு படித்தார்கள், ஆர்வமும் இருந்தது என்று 2010-ல் எழுதினார்கள். 'ஓரளவு' என்று அடக்கமாகச் சொன்னதாலேயே எனக்கு அந்த ஆய்வின் மேல் மதிப்பு கூடியது.

அதற்கு முந்தைய ஆய்வு ஒன்றில் பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. ஒரு கிராமத்தில் பள்ளி முடிந்த பிறகு, ஒரு பருவம் முழுவதும் இந்த விளையாட்டுகளை வைத்துக் கற்பித்தார்கள். எல்லாருக்கும் பலன் கிடைத்தது. ஆனால் ஏற்கெனவே ஓரளவு தயாராக இருந்த பிள்ளைகளுக்கே அதிகப் பலன் போனது. பின்தங்கிய பிள்ளைக்குக் கிடைத்தது குறைவு. விளையாட்டு நன்றாக இருந்தும் அதுதான் நடந்தது. 'கல்வி விளையாட்டு' என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டுச் சமையலுக்குப் போகும் நமக்கு இது நேராகப் பேசுகிறது. எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைக்குப் பக்கத்தில் ஓர் அக்காளோ அண்ணனோ உட்கார வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் கேட்டுப் பார்த்தபோது என்ன தெரிந்தது? 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிப் பள்ளிகள் மூடியபோது, பிள்ளைகளிடம் என்ன கருவி இருக்கிறது என்று கல்வி அமைச்சு கருத்தாய்வு நடத்தியது. 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்று தெரியவந்தது. அப்பா வேலையிலிருந்து திரும்பும் வரை காத்திருந்து, ஒரே தொலைபேசியில் மூன்று பிள்ளைகள் முறைபோட்டுப் பாடம் பார்த்த வீடுகள் நம்மவர்களிடம் எத்தனை! அந்த வீட்டுக்குச் செய்யும் விளையாட்டு வேறு மாதிரி இருக்க வேண்டும். பாதியில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். மூன்று பிள்ளைகளின் கணக்கையும் தனித்தனியே வைத்திருக்க வேண்டும். இணையம் இல்லாமலும் ஓட வேண்டும். குவீன்ஸ்பே பேரங்காடியில் நின்றுகொண்டு வருகிற போகிற பிள்ளைகளை மட்டும் கேட்டால் இதில் ஒன்றும் தெரியவராது. செபராங் பிறையின் உட்பகுதிக்கு வண்டி ஏற வேண்டும்.

இன்னொரு வகை அளவெடுப்பும் இருக்கிறது. அது நம்மைக் கேட்காமலே நடக்கிறது. பிள்ளை எந்த இடத்தில் விரல் வைத்தது, எப்போது சலித்தது, எந்தப் படத்தைக் கண்டு காசு கொடுத்தது என்று விளையாட்டே எண்ணி, செய்தவருக்கு அனுப்பிவிடும். அடுத்த முறை அந்த இடத்தில் இனிப்பைக் கொஞ்சம் கூட்டி வைப்பார்கள். 'ஃபோர்ட்நைட்' விளையாட்டை நடத்தும் எபிக் நிறுவனம் 2022 டிசம்பரில் அமெரிக்க அரசின் வணிக ஆணையத்துக்கு 520 மில்லியன் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. பிள்ளைகளின் விவரங்களைப் பெற்றோர் அனுமதியின்றிச் சேர்த்தது ஒரு குற்றச்சாட்டு. ஆடுகிறவர்களை அறியாமல் காசு செலவழிக்க வைக்கும்படி பொத்தான்களை அமைத்தது இன்னொன்று. உங்கள் முன்கட்டண எண்ணில் மிச்சம் திடீரென்று குறைந்தால் பிள்ளையை அடிக்கும் முன் இதையும் நினைத்துப் பாருங்கள்.

பினாங்குக்கு மின்னியல் புதிதல்ல. 1972-ல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் பிறந்தது. அதே ஆண்டு இன்டெல் வந்தது. பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி வழியே நுண்சில்லைப் பார்த்துப் பார்த்துக் கண் சிவந்த அம்மாக்கள் நம் குடும்பங்களிலும் உண்டு. அவர்களின் பேரப்பிள்ளைகளில் யாராவது விளையாட்டு செய்யக் கிளம்பினால், கேட்பதற்கு ஆட்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். 14 குழி, ஒரு குழியில் நான்கு முத்து சேர்ந்தால் 'பசு' என்று எடுத்துக்கொள்வோம். பக்கத்து மலாய்க்காரர் வீட்டுச் சொங்காக்கிலும் ஏழேழாக இரண்டு வரிசைக் குழிகள். ஆனால் இரண்டு முனையிலும் சேர்த்து வைக்க 'வீடு' இருக்கும், பசு கிடையாது. முத்து எத்தனை போடுவது, வெறுங்குழி வந்தால் என்ன செய்வது என்பது நம்மவர்களுக்குள்ளேயே வீட்டுக்கு வீடு மாறும். இரண்டு பாட்டிகளை எதிரெதிரே உட்கார வைத்துக் கேட்டால் முதல் அரைமணி நேரம் சண்டைதான் நடக்கும். கேட்கப் போகிறவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டிய நேரம் அதுதான்.