குப்பையும் கிணறும்

குப்பை என்னுஞ் சொல்லுக்குக் குவியல் என்பதே முதற்பொருள். களத்திற் குவித்த நெல்லையும் அளத்திற் குவித்த உப்பையும் பண்டைப் புலவர் குப்பையென்றே வழங்கினர். பின்னரே அது கூட்டித் தள்ளுவனவற்றின் பெயராயிற்று. சொல்லுக்கு நேர்ந்த இவ்விறக்கம் நம் நாளிற் பொருளுக்கும் நேர்ந்துள்ளது.

யாழ்ப்பாணத்து வளவுகளில் எருக்கும்பி ஓர் உறுப்பாகவே விளங்கியது. மாட்டுச் சாணகமும் அடுப்புச் சாம்பலும் முற்றத்துச் சருகும் அதிற் சேர்ந்து, உரிய பருவத்தில் தோட்டத்திற்குச் சென்றன. பூவரசங்குழையும் பழைய பனையோலையும் மண்ணில் தாழ்க்கப்பட்டன. உழுதலினும் எருவிடுதலை மேலாக வைத்த வள்ளுவர் கருத்தை நம் கமக்காரர் செயலிற் காட்டினர்.

இன்று நகரத்தில் வளவு சுருங்கிற்று. மாடும் தோட்டமும் அகன்றன. சோற்றுமிச்சம், மீன்செதில், வாழைத்தோல், பொலித்தீன், உடைந்த கண்ணாடி யாவும் ஒரே பையிற் கட்டுண்டு வீதிக்கு வருகின்றன. இலங்கையின் நகரக் கழிவிற் பாதிக்கு மேற்பட்டது உக்கக்கூடியது. எனினும், கலந்தபின் அதனைப் பிரித்தெடுத்தல் அரிது. யாழ்நகரக் கழிவு நெடுங்காலமாகக் கல்லுண்டாய் வெளியிற் கொட்டப்பட்டு வந்துள்ளது. காற்றுப் புகாத பெருங்குவியலுள் உக்கும் பொருள் மெதேன் வாயுவையும் துர்நாற்றத்தையும் கழிவூறலையும் பிறப்பிக்கும். 2017 ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாளிற் கொழும்பின் மீதொட்டமுல்லயிற் குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேற்பட்டோர் உயிரிழந்ததை யார் மறப்பர்?

ஏனைய ஊர்களினும் நமக்கு இதில் அச்சம் மிகுதி. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மாரிமழை சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் நன்னீராய்த் தங்குகின்றது. அந்நீரே நம் கிணறு. நிலத்தின்மேல் நாம் சிந்துவது அவ்வெடிப்புகள் வழியே விரைந்து கீழே சேரும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. வலிகாமத்துக் கிணறுகள் பல, மிகைப்பட்ட உரத்தாலும் மலக்குழிகளாலும், அவ்வரம்பை விஞ்சியமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. கைக்குழந்தைகளின் குருதிக்கு அது கேடு.

ஆதலால், வீட்டுக்கழிவை அயலவர் ஒன்றுகூடி எருவாக்குதல் நம் நகருக்குப் பொருந்தும் வழியாகும். வீடுதோறும் இரண்டு வாளிகள் வேண்டும்: உக்குவதற்கு ஒன்று, உக்காததற்கு ஒன்று. ஒழுங்கைக்கொரு பொதுக்கூடு அமைத்துச் சனசமூக நிலையம் அதனைப் பார்த்துக்கொள்ளலாம். சமையற்கழிவு ஒரு படை, சருகு அதற்கு மேலொரு படை என மாறிமாறி இடுக. ஒருபங்கு நைதரசனுக்கு ஏறத்தாழ 30 பங்கு காபன் வேண்டும். அதனை அளிப்பது சருகே. பிழிந்த துணியளவு ஈரம் போதும். கூடு 55 பாகை செல்சியசுக்கு மேற் சூடேறுமாயின் நோய்க்கிருமிகளும் களைவித்துகளும் அழியும். காற்றுப்படக் கிளறிவர, சில திங்களில் மண்மணங் கமழும் எரு கிடைக்கும். நாற்றம் எழுந்தாற் சருகோ காற்றோ குறைந்ததென்று அறிக.

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. எருவிலும் நைதரசன் உண்டு. வெறுந்தரையில், மழைபட, கிணற்றருகே வைத்த கூடு கிணற்றையே கெடுக்கும். சீமெந்துத் தளமும் மேற்கூரையும் கிணற்றிலிருந்து போதிய தொலைவும் வேண்டும். பயிருக்கு எருவிடுதலிலும் அளவு வேண்டும்.

இஃது இயலுமோ என ஐயுறுவார்க்குக் கேரளத்து ஆலப்புழை சான்று பகரும். அந்நகரின் கழிவைச் சுமந்த சர்வோதயபுரத்து மக்கள் வண்டிகளை மறித்து எதிர்த்தபோது, நகரம் தன் கழிவைத் தானே ஏற்கவேண்டியதாயிற்று. 2012 முதல் வீடுகளிலும் தெருக்களிலும் எருக்கூடுகளும் சாணவாயுக் கலன்களும் அமைந்தன. அயலூருக்குச் சென்ற கழிவு உள்ளூரில் எருவாயிற்று.

2021 ஆம் ஆண்டு நம் நாட்டில் இரசாயனப் பசளையின் இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டது. வயலுக்கு வேண்டிய சேதனப் பசளையோ கையிலில்லை. விளைவு குன்றிற்று, அவ்வாண்டு முடியுமுன்பே தடையும் நீங்கிற்று. ஆணையால் எரு பிறவாது என்பது அன்று கண்ட பாடம். அது நாள்தோறும் சிறிது சிறிதாய்ச் சேர்வது. அதன் தொடக்கம் அடுக்களை.

ஆசிரியர்கள் பாடசாலைத் தோட்டத்தில் ஒரு கூடு அமைத்து மாணவரைக் கொண்டே கிளறுவிப்பாராக. அப்பிள்ளைகள் வீடு சென்று இரண்டாவது வாளியைக் கேட்பர். அயல்வீட்டார் பருகும் நீரும் நம் வீட்டார் பருகும் நீரும் நிலத்தடியில் ஒன்றே. ஆகவே, கழிவைப் பிரித்து வைத்தல் அயலவர்க்கு நாம் செய்யுங் கடனாம்.