பழைய லாரி வாங்குகிறீர்களா? பிரேக்கை முதலில் பாருங்கள்

தோட்டத்துக்கு எரு, வீட்டு வேலைக்கு ஜல்லி, கோடையில் தண்ணீர் என்று வாடகை கொடுத்தே அலுத்தவர்கள், பழைய லாரி ஒன்றை வாங்கிப் போட்டுக்கொள்ள நினைப்பதுண்டு. நல்ல யோசனைதான். டாடா 1210 போன்ற வண்டிகள் இத்தனை காலம் உழைப்பதற்குக் காரணம் இருக்கிறது. டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் வேண்டாம். காற்றை 16, 17-இல் ஒரு பங்காக அமுக்கும்போது அதன் வெப்பம் 500 டிகிரியைத் தாண்டிவிடும். அதில் பீய்ச்சிய டீசல் தானே பற்றிக்கொள்ளும். பழைய எஞ்சினில் பீய்ச்சும் பம்பிலும் கம்ப்யூட்டர் கிடையாது; பக்கத்து ஊர் மெக்கானிக்கே பிரித்துப் பூட்டிவிடுவார்.

அதனால்தான் வாங்கப் போகிறவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்டு, புகையைப் பார்த்து, அங்கேயே விலை பேசிவிடுகிறார். பிரேக்கைப் பார்ப்பதில்லை. எனக்குக் கவலை தருவது இதுதான். அந்த பிரேக் எவ்வளவு எடையை நிறுத்த வேண்டும் என்று முதலில் பாருங்கள்.

1210 என்ற பெயரில் 12 என்பது பாரத்தோடு சேர்த்து மொத்த எடை, டன் கணக்கில். 10 என்பது சுமார் 100 குதிரைத்திறன். ஒரு யூனிட் மணல், அதாவது 100 கன அடி, காய்ந்திருந்தாலே ஏறக்குறைய நாலரை டன். மழையில் நனைந்தால் ஐந்தைத் தாண்டும். யூனிட்டை மட்டும் எண்ணுகிறவர் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை.

12 டன் வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது, பிரேக் மிதிக்கிறீர்கள். அந்த ஓட்டம் முழுவதும் வெப்பமாகிச் சக்கரத்தின் பிரேக் டிரம்மில் இறங்குகிறது. இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம் அது, சில நொடிகளில்! வேகத்தைப் பாதியாக்கினால் வெப்பம் கால்பங்காகிவிடும். தோட்டத்துப் பாதையில் மெதுவாகப் போவதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை.

ஏர் பிரேக் வண்டியில் பிரேக் ஷூவை டிரம்மோடு அழுத்துவது டேங்கில் சேர்ந்திருக்கும் காற்று. வாரக்கணக்கில் நின்ற வண்டியில் அந்தக் காற்று கசிந்து போயிருக்கும். காற்றிலுள்ள ஈரமும் டேங்குக்கு அடியில் தண்ணீராகத் தங்கி, வால்வுகளை அரிக்கும். அதை அவ்வப்போது திறந்துவிட வேண்டும். புது வண்டிகளில் காற்று இறங்கினால் வலுவான ஸ்பிரிங்கே பின்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். பழைய வண்டிகள் பலவற்றில் அந்த ஏற்பாடு இல்லை. முதல் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைப்பதை நம் டிரைவர்கள் வழக்கமாக்கிக்கொண்டது சும்மா அல்ல.

டயரையும் பட்டன் தேய்மானத்தை வைத்து மட்டும் எடைபோடாதீர்கள். ஓடாமல் நின்றாலும் ரப்பரில் வெடிப்பு விடும். பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண்ணைத் தேடுங்கள்: 3215 என்றிருந்தால் 2015-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் செய்தது.

வீட்டுக்கு வாங்கிவிட்டீர்கள் என்றால் மூன்று வேண்டுகோள்கள். காற்று மீட்டர் முள் மேலே ஏறும்வரை வண்டியை நகர்த்தாதீர்கள். டீசல் மிச்சமாகும் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடாதீர்கள். முட்டுக்கட்டை வைக்காத லாரியின் அருகில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள்.